பட்டனை ஏ.ஐ வரையும்... பணம் மாட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது?

‘ஒரு வெதர் ஆப் டிசைன் பண்ணு.’ இப்படி ஒரு வரி டைப் பண்ணினா போதும், சில நொடியில் முழு ஸ்க்ரீனும் ரெடி. 2024 ஜூன் மாதம் ஃபிக்மா நிறுவனம் தன் கான்ஃபிக் மாநாட்டில் ‘மேக் டிசைன்ஸ்’ என்ற ஏ.ஐ வசதியை இப்படித்தான் அறிமுகப்படுத்தியது. ஆப்ல பட்டன் எங்கே இருக்கணும், மெனு எப்படித் திறக்கணும்னு முடிவு பண்றதுதானே யூ.ஐ டிசைனர்களின் வேலை? ‘நம்ம சோலி முடிஞ்சுதா’ங்கிற கேள்வி அப்போ பலமாகவே எழுந்தது.

ஆனா, சில நாளிலேயே கதை மாறிடுச்சு. ஆண்டி ஆலன் என்ற ஆப் டிசைனர் அந்த வசதியிடம் வெதர் ஆப் கேட்டுப் பார்த்தார். வந்ததெல்லாம் ஆப்பிளின் வெதர் ஆப்பை ஜெராக்ஸ் எடுத்த மாதிரியே இருந்தது. அவர் ஸ்க்ரீன்ஷாட்களை எக்ஸ் தளத்தில் போட, ஃபிக்மா அந்த வசதியை நிறுத்திவைத்தது. ‘மாநாட்டுக்குள் முடிக்கணும்னு டீமை அவசரப்படுத்தியது என் தப்பு’ என்று சி.இ.ஓ டிலன் ஃபீல்டே ஒப்புக்கொண்டார். சில மாதங்கள் கழித்து அதே வசதி திரும்ப வந்தது. புதுப் பெயர், ‘ஃபர்ஸ்ட் டிராஃப்ட்’. அதாவது, முதல் வரைவு. பெயரிலேயே அடக்கம் வந்துடுச்சு!

ஏ.ஐ புதுசா யோசிப்பதில்லை. ஏற்கெனவே நிறைய இருப்பதையே திரும்பத் தருது. ஏ.ஐ செய்த வெப்சைட்கள் பலதும் ஊதா நிறத்திலேயே இருப்பதைக் கவனிச்சிருக்கீங்களா? டெவலப்பர்கள் அதிகம் பயன்படுத்தும் ‘டெயில்விண்ட்’ டூலை உருவாக்கிய ஆடம் வாதன், ‘எங்க மாதிரி டிசைன்கள்ல பட்டனுக்கெல்லாம் இண்டிகோ கலர் வெச்சது நான்தான், மன்னிச்சிடுங்க’ என்று 2025-ல் ஜாலியாக மன்னிப்பே கேட்டார்.

சரி, வேலை போகுமா? ஒரு பகுதி போகும், மறைக்க வேண்டாம். ஒரே பேனரைப் பத்து சைஸில் மாற்றுவது, லாகின் பக்கத்துக்கு ஐந்து மாடல் போடுவது எல்லாம் இனி ஏ.ஐ கணக்கில்தான். சிக்கல் என்னன்னா, ஃப்ரெஷர்கள் தொழில் பழகுவதே இந்த மாதிரி சின்ன வேலைகளில்தான். அந்தப் படிக்கட்டையே எடுத்துட்டா மாடிக்கு எப்படிப் போறது? நிறுவனங்கள் இதற்கு இன்னும் சரியான பதில் சொல்லலை.

ஆனா, ஏ.ஐ பொதுவா வரைவது எல்லாம் ஒழுங்கா நடக்கும் ஸ்க்ரீனைத்தான். பணம் கட் ஆயிடுச்சு, டிக்கெட் வரலை, பஸ் கிளம்ப அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. அப்போ ஸ்க்ரீன்ல என்ன வரணும்? ‘சம்திங் வென்ட் ராங்’னு மட்டும் வந்தா போனைத் தூக்கி எறியத் தோணும். பணம் எங்கே நிக்குது, எப்போ திரும்ப வரும், மறுபடி பே பண்ணலாமா, இதைச் சொல்லும் ஸ்க்ரீனை வடிவமைக்க, அப்படி மாட்டிக்கிட்ட நாலு பேர்கிட்ட பேசியிருக்கணும்.

நம்ம மொழியையே எடுத்துக்கோங்க. ‘சப்மிட்’டுக்கு ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’னு போட்டா பட்டனைத் தாண்டி ஓடும், இல்லைன்னா பாதியில் வெட்டுப்படும். எழுத்தைச் சின்னதாக்கினா அப்பாவுக்குத் தெரியாது. ‘அனுப்பு’ன்னு மாத்தினா முடிஞ்சது. ஆனா, பேங்க் ஆப்ல ‘அனுப்பு’ன்னா பணம் போயிடுமோன்னு அம்மா பயப்படுவாங்களே? பட்டனில் ஒரே ஒரு வார்த்தை, அதுக்கே இவ்வளவு யோசிக்கணும்.

அதனால, இந்தத் துறைக்கு வர நினைக்கிறவங்க போர்ட்ஃபோலியோவில் அழகான ஸ்க்ரீன்களை மட்டும் அடுக்காதீங்க; அதை இப்போ யாரும் அரை மணி நேரத்தில் செஞ்சிடலாம். வீட்டில் யாராவது ஒருத்தர் கையில் போனைக் கொடுத்து, கரன்ட் பில் கட்டச் சொல்லுங்க. எந்த இடத்தில் விரல் தயங்குதுன்னு பாருங்க. அந்த ஒரு ஸ்க்ரீனை மாத்தி, திரும்ப அவங்ககிட்டயே கொடுத்து, என்ன ஆச்சுன்னு எழுதிவைங்க. ஏ.ஐ-யை வெச்சு வரைஞ்சீங்களா, கையால வரைஞ்சீங்களான்னு இன்டர்வியூவில் கேட்டா, ரெண்டையும் மறைக்காம சொல்லுங்க.