பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகம்

பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகம் இந்தியாவில் கடற்பசுவுக்கென அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 21 அன்று இதை அறிவித்தது. தஞ்சாவூர் மாவட்டத்தின் அதிராம்பட்டினத்தில் தொடங்கி, புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி அருகிலுள்ள அம்மாபட்டினம் வரை, கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு இதில் அடங்கும். புதுக்கோட்டை என்றதும் குடைவரைகளும் வானம் பார்த்த கண்மாய்களும் நினைவுக்கு வருபவர்கள், அம்மாவட்டத்துக்குக் கடலும் உண்டு என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

கடற்பசுவை இக்கரை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். சில ஊர்களில் கடல்பன்றி. மூன்று மீட்டர் வரை நீளும் இப்பாலூட்டிக்கு நிலத்தில் நெருங்கிய உறவு யானை. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ கடற்புல் மேயும். கர்ப்பகாலம் ஓர் ஆண்டுக்கு மேல். ஒரு முறைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். எனவே ஆண்டுக்கு நாலைந்து தாய்கள் வலையில் மாட்டினாலே கூட்டம் சரியத் தொடங்கிவிடும். இந்தியக் கடலில் எஞ்சியிருப்பவை சுமார் 240 என்றும், அவற்றில் பெரும்பகுதி தமிழகக் கரையில்தான் உள்ளது என்றும் பாதுகாப்பகத்தை அறிவித்தபோது அரசு கூறியது. ஒரு காலத்தில் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் இவற்றைப் பிடித்தார்கள். சட்டம் அதைத் தடுத்தபின் பெரிய ஆபத்தாக நிற்பவை இரண்டு. ஒன்று, புல்வெளியை வாரி எடுக்கும் இழுவை மடி. மற்றொன்று, திருக்கை வலை போன்ற பெரிய கண் வலைகள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய விலங்கு, வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

இதற்கான பன்னாட்டு ஏற்பாடு பாதுகாப்பகத்துக்கு முந்தியது. வலசை போகும் உயிரினங்களுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1983-இலேயே சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையின்கீழ், கடற்பசுவுக்கெனத் தனியாக ஓர் ஒப்பந்தம் 2007 அக்டோபரில் அபுதாபியில் உருவானது. 2008-இல் இந்தியா கையெழுத்திட்டது. 2010-இல் மத்திய அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2016 முதல் டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம் தமிழ்நாடு, குஜராத், அந்தமான் கடல்களில் மீட்புத் திட்டம் நடத்துகிறது. கையெழுத்துக்கும் கரையில் நடந்த வேலைக்கும் இடையே எட்டு ஆண்டுகள் என்பது நம் நிர்வாகத்துக்குப் பெரிய தாமதம் அல்ல.

வெளிநாட்டு நிதி இந்தப் பக்கம் வரவும் நாளானது. உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2002 முதல் செலவிட்டது ராமேசுவரத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில். பின்னர் அதே நிதியத்தின் கடற்பசு, கடற்புல் திட்டம் 2015-இல் எட்டு நாடுகளில் தொடங்கியபோது இலங்கை அதில் இருந்தது, இந்தியா இல்லை. ஒரே விரிகுடாவின் கிழக்குக் கரைக்கு வந்த திட்டம் மேற்குக் கரைக்கு வரவில்லை. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்நாடு அரசின் நெய்தல் மீட்சி இயக்கத்தின் வழியே உலக வங்கி நிதியுடன் தமிழகக் கடலோரப் பணிகள் நடக்கின்றன. தஞ்சாவூர் மாவட்டம் மனோராவில் பன்னாட்டுக் கடற்பசு பாதுகாப்பு மையம் அமைக்க அரசு முடிவெடுத்தது. 2025 அக்டோபரில் அபுதாபியில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றிய மாநாடு, இப்பாதுகாப்பகத்தை அங்கீகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

தேசியப் பூங்கா, சரணாலயம் போலன்றி, பாதுகாப்பகம் என்ற வகையில் மக்களின் தொழில் உரிமை பறிபோவதில்லை. மீனவர்களுக்குப் புதிய கட்டுப்பாடு எதுவும் வராது என்று அரசு அறிவிப்பின்போதே உறுதி கூறியது. வேறு வழியும் இல்லை: ஆவுளியாவை முதலில் பார்ப்பவர் மீனவர்தான். வலையில் உயிரோடு சிக்கியதை அவிழ்த்துவிட்டவர்களுக்கு வனத்துறை ரொக்கப் பரிசு தருகிறது. அவிழ்ப்பது என்றால் பெரும்பாலும் வலையை அறுப்பதுதான். பல நூறு கிலோ எடையுள்ள விலங்கு துள்ளும்போது முடிச்சு தேடிக்கொண்டிருக்க முடியாது. பரிசுத்தொகை மட்டும் போதாது, அறுந்த வலைக்கு முழு விலையும் உடனே கிடைத்தால்தான் இது நிலைக்கும்.

சிதைந்த புல்வெளியை மீண்டும் நடும் வேலையும் நடக்கிறது. பாக் விரிகுடாவில் ஓம்கார் அறக்கட்டளை கையாளும் முறை எளிது. மூங்கிலைச் சதுரச் சட்டமாகக் கட்டி, குறுக்கே தேங்காய்நார்க் கயிறு இழுத்து, வேரோடு எடுத்த கடற்புல் தண்டுகளை அதில் செருகி, ஆழமில்லாத அடித்தரையில் இறக்கிவிடுகிறார்கள். தண்டு மண்ணைப் பிடித்து, வேர் பரவியபின் கயிறும் மூங்கிலும் மெல்ல மக்கிவிடும். பிளாஸ்டிக் எதுவும் கடலில் மிஞ்சாது.

ஆனால் நட்ட இடத்தில் மறுநாள் இழுவை மடி போனால் எல்லாம் வீண். இழுவை மடி இழுக்கும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் கடலை நாள்வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கு உண்டு. இந்தியா-இலங்கை கடல் எல்லையை வகுத்த 1974 ஒப்பந்தக் கோட்டைத் தாண்டியதாகப் படகுகள் பிடிபடுவதும் வழக்கமாகிவிட்டது. இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் மானியத் திட்டத்தை இந்தியா அதே ஆண்டில் தொடங்கியது. 2016-இல் இரு நாடுகளும் அமைத்த மீன்வளக் கூட்டுப் பணிக்குழுவின் முதல் பணியாகக் குறிக்கப்பட்டதும், இழுவை மடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதுதான்.