அச்சடிப்பும் புழக்கமும்: ஆற்காட்டு ரூபாய் முதல் பத்து ரூபாய் நாணயம் வரை

ஆய்வுச்சுருக்கம்

நாணய அச்சடிப்புக் குறையும்போது, சேகரிப்பாளர்கள் அந்த ஆண்டின் நாணயங்களைத் தேடித் திரட்டுகின்றனர். அச்சடிப்பு எண்ணிக்கையைக் கொண்டே ஒரு நாணயத்தின் அருமையை மதிப்பிடும் இவ்வழக்கம் வரலாற்று நோக்கில் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை, வேலூர் – ஆம்பூர் தோல்தொழிற் பகுதியோடு தொடர்புடைய மூன்று காலகட்டங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாணயவியல், அச்சடிப்பு, புழக்கம், ஆற்காட்டு ரூபாய், சில்லறைத் தட்டுப்பாடு, பாலாற்றுப் பகுதி

முன்னுரை

சிறுமதிப்பு நாணயங்களைக் கைவிடும் போக்கு இன்று உலகெங்கும் காணப்படுகிறது. கனடா 2012இல் ஒரு சென்ட் நாணயத்தின் அச்சடிப்பை நிறுத்தியது. அமெரிக்கா புழக்கத்திற்கான ஒரு சென்ட் நாணயத்தை 2025 நவம்பரில் கடைசியாக அச்சடித்தது. இந்தியாவில் 25 பைசாவும் அதற்குக் குறைந்த மதிப்புள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாயின. அவற்றை வங்கிகளில் மாற்றிக்கொள்ள ஜூன் 29 வரை வாய்ப்பளிக்கப்பட்டது.

இத்தகைய அறிவிப்புகள் வெளிவரும்போது சேகரிப்பாளர்களின் எதிர்வினை பெரும்பாலும் ஒரே தன்மையதாக உள்ளது. இறுதி ஆண்டு நாணயங்களைத் திரட்டுவர். நாணயச்சாலைக் குறியீடுகளை ஒப்பிடுவர். குறைவாக அச்சடிக்கப்பட்ட ஆண்டினைத் தேடுவர். மும்பைக்கு வைரவடிவம், ஐதராபாத்திற்கு விண்மீன், நொய்டாவிற்குப் புள்ளி, கொல்கத்தாவிற்குக் குறியின்மை என்னும் அடையாளங்கள் இத்தேடலுக்குத் துணைசெய்கின்றன. குறைவாக அச்சடிக்கப்பட்டது அரிது, அரியது வரலாற்று மதிப்புடையது என்பதே இத்தேடலின் அடியிலுள்ள கருதுகோள். அச்சடிப்பும் புழக்கமும் ஒன்றையொன்று தொடர்ந்தே செல்லும் எனக் கொண்டால் மட்டுமே இக்கருதுகோள் நிலைபெறும்.

ஆய்வுக்களம்

பாலாற்றுப் பகுதியில் அமைந்த வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் அறியப்பட்டவை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதால் இவை இன்று மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. வெளிநாட்டுச் சந்தையைச் சார்ந்த பெருவணிகமும், கூலியும் சில்லறையுமாக நடக்கும் சிறுவணிகமும் இங்கு ஒருங்கே இயங்குகின்றன. இராணிப்பேட்டைக்கு எதிர்க்கரையிலுள்ள ஆற்காடு, தென்னிந்திய நாணய வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும்.

ஆற்காட்டு ரூபாய்: பெயரும் ஆண்டும்

கர்நாடக நவாபுகளின் தலைநகரான ஆற்காட்டின் பெயரைத் தாங்கிய வெள்ளி ரூபாய் ஆற்காட்டில் மட்டும் அச்சடிக்கப்படவில்லை. 1736இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும், 1742இல் ஆங்கிலேயர் சென்னையிலும் அதனை அச்சடிக்கும் உரிமை பெற்றனர். வணிகர்களிடையே அந்நாணயத்திற்கு இருந்த நம்பிக்கையே இதற்குக் காரணம். புதுச்சேரி நாணயத்தைப் பிறைக்குறியாலும் சென்னை நாணயத்தைத் தாமரைக் குறியாலும் இனங்காணலாம். ஊர்ப்பெயர் இரண்டிலும் ஆற்காடே.

ஆண்டும் இவ்வாறே உண்மையை மறைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் இயந்திரத்தால் அச்சடிக்கப்பட்ட ரூபாய்களிலும் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டுமே இடம்பெற்றன. ஆலம்கீர் 1759இலேயே மறைந்துவிட்டார். பழகிய ஆண்டு பொறித்த காசையே மக்கள் தயக்கமின்றி ஏற்றதால், கம்பெனி அவ்வாண்டை மாற்றவில்லை. 1835இல் ஒரே சீரான கம்பெனி ரூபாய் நடைமுறைக்கு வந்தபின் ஆற்காட்டு ரூபாயின் காலம் முடிவுற்றது. 1869இல் சென்னை நாணயச்சாலையும் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்னும் பெயர் மட்டும் எஞ்சியது.

நாணயத்தின் மேலுள்ள ஊரும் ஆண்டும் அச்சடிப்பின் சான்றாக எப்போதும் அமைவதில்லை என்பதை இந்நாணயம் காட்டுகிறது. அவை புழக்கத்தின் தேவைக்கேற்பப் பொறிக்கப்பட்டவை.

முதல் உலகப்போர்: மிகுந்த அச்சடிப்பு, மறைந்த நாணயம்

முதல் உலகப்போரின்போது சென்னை மாகாணத்தில் பதனிடப்பட்ட மாட்டுத்தோல் இராணுவக் காலணிக்குத் தேவைப்பட்டது. 1916 முதல் அரசே அதனை வாங்கத் தொடங்கியது. இவ்வாறு பெருகிய போர்க்காலக் கொள்முதலுக்கு ஈடாக வெள்ளி ரூபாயும் தேவைப்பட்டது. ஆனால் 1917இல் வெள்ளியின் விலை, ரூபாயிலுள்ள உலோகம் அதன் முகமதிப்பை விஞ்சும் அளவுக்கு உயர்ந்தது. மக்கள் ரூபாயைச் சேமித்தும் உருக்கியும் வைத்ததால் அது சந்தையிலிருந்து மறைந்தது.

அரசு இதனை இருவழிகளில் எதிர்கொண்டது. 1917இல் ஒரு ரூபாய்த் தாளையும், அதனைத் தொடர்ந்து இரண்டரை ரூபாய்த் தாளையும் வெளியிட்டது. சிறுமதிப்பு நாணயங்களை வெள்ளிக்கு மாற்றாகச் செம்பு-நிக்கல் கலவையில் அச்சடித்தது. அதேவேளையில், 1918இல் அமெரிக்கா தன் கையிருப்பிலிருந்து வழங்கிய வெள்ளியின் துணையோடு பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் பெருமளவில் ரூபாய் அச்சடித்தன. அவ்வாண்டு நாணயங்களின் எண்ணிக்கை 40 கோடியைக் கடந்தது.

இதன் விளைவு சேகரிப்பாளர்களுக்கு ஒரு முரணாகத் தோன்றும். ரூபாய்க்கு மிகுந்த தட்டுப்பாடு நிலவிய 1918ஆம் ஆண்டின் நாணயமே, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் மிக எளிதாகக் கிடைப்பவற்றுள் ஒன்று. அச்சடிப்புப் பட்டியலை மட்டும் நோக்குபவர் அதனை வளமான ஆண்டு என்றே கொள்வர்.

2018: நிறைந்த கிடங்கும் மறுக்கப்பட்ட நாணயமும்

இதற்கு நேரெதிரான நிலையை ஒரு நூற்றாண்டுக்குப் பின் காண்கிறோம். 2018 ஜனவரி 9 அன்று நான்கு அரசு நாணயச்சாலைகளும் புழக்கத்திற்கான நாணயங்களின் அச்சடிப்பை நிறுத்தின. ரிசர்வ் வங்கி எடுத்துச் செல்லாததால் சுமார் 250 கோடி நாணயங்கள் கிடங்குகளில் தேங்கியதே காரணம். சில நாள்களில் குறைந்த வேலைநேரத்துடன் பணி மீண்டும் தொடங்கியது. இங்கு அச்சடிப்புக் குறைந்தது தட்டுப்பாட்டால் அன்று, மிகுதியால்.

அதே காலத்தில் தமிழகத்தின் பல பகுதிகளில், வேலூர்ப் பகுதி உட்பட, கடைகளிலும் பேருந்துகளிலும் பத்து ரூபாய் நாணயம் மறுக்கப்பட்டது. 2009இல் புழக்கத்திற்கு வந்த இந்நாணயம் பல வடிவங்களில் வெளியானதால், அவற்றுள் சில போலியானவை என்னும் வதந்தி பரவியது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று விளக்கியது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்புமுள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லத்தக்கவை. சட்டத்தால் செல்லும் நாணயம் சந்தையில் செல்லாக்காசாயிற்று.

இதன் ஆய்வியல் விளைவு கவனிக்கத்தக்கது. கைமாறாத நாணயம் தேய்வதில்லை. இப்பகுதியில் தேய்வின்றிக் கிடைக்கும் பத்து ரூபாய் நாணயங்களைப் பிற்கால ஆய்வாளர் ஒருவர் கண்டால், அவை குறுகிய காலமே வெளியிடப்பட்டன என்றோ, குறைவாக அச்சடிக்கப்பட்டன என்றோ முடிவுசெய்யக்கூடும். இரண்டும் பிழையாகும்.

சேகரிப்பாளரின் பொறுப்பு

சங்ககால நாணய ஆய்வு வளர்ந்ததில் தனியார் சேகரிப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் திரட்டிப் பதிப்பித்ததால் அவை வரலாற்றுச் சான்றுகளாயின. கிடைத்த இடம் அறியப்பட்டதே அவற்றின் வலிமை. இன்றைய நாணயங்களுக்கு இந்நெறி பெரும்பாலும் பின்பற்றப்படுவதில்லை. ஆண்டும் குறியீடும் பதிவாகின்றன, கிடைத்த இடம் பதிவாவதில்லை.

அருமையை எண்ணிக்கையோடு மட்டும் இணைப்பது மோசடிக்கும் இடமளிக்கிறது. பழைய நாணயங்களை வாங்குவதாகவும் விற்பதாகவும் தன் பெயரைப் பயன்படுத்திச் சிலர் கட்டணம் கேட்பதாக 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஆகவே ஒவ்வொரு நாணயத்திற்கும் கிடைத்த ஊர், நாள், வழி (கடைச் சில்லறை, வங்கிப் பை, உண்டியல், கூலி), தேய்வுநிலை ஆகிய நான்கையும் குறித்துவைப்பது இன்றியமையாதது. ஆம்பூர்க் கடை ஒன்றில் சில்லறையாகப் பெற்ற தேய்ந்த ஐம்பது பைசா, வங்கிப் பையிலிருந்து எடுத்த புத்தம்புதிய நாணயத்தைவிட ஆய்வுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

முடிவுரை

ஆற்காட்டு ரூபாயில் ஊரும் ஆண்டும் அச்சடிப்பை மறைத்தன. 1918இல் அச்சடிப்பு மிகுந்தும் நாணயம் கைக்கு எட்டவில்லை. 2018இல் நாணயம் மிகுந்ததால் அச்சடிப்பு நின்றது. கைக்கு எட்டியதும் மறுக்கப்பட்டது. இம்மூன்றும் அச்சடிப்பும் புழக்கமும் வெவ்வேறு வரலாறுகள் என்பதை உணர்த்துகின்றன. முதலாவதன் ஆவணங்கள் அரசிடம் உள்ளன. இரண்டாவதன் ஆவணம் பெரும்பாலும் மக்களின் கைகளிலேயே இருந்து அழிகிறது. அதனைக் காக்கும் வாய்ப்பு சேகரிப்பாளரிடமே உள்ளது. வட்டார நாணயச் சேகரிப்புகளை இந்நோக்கில் பட்டியலிடும் பணியைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் மேற்கொள்ளலாம்.