அஸ்பெஸ்டஸ்: நம் தலைக்கு மேல் இருக்கும் வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. பாடசாலைகளோடும் பள்ளிவாசல்களோடும் தொடர்புள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

விடுமுறை வந்தால் பல பாடசாலைகளில் கூரை வேலை நடக்கும். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளைக் கழற்றி மேலிருந்து கீழே போடுவார்கள். பிறகு பிள்ளைகளை அழைத்துச் சிரமதானம். தும்புத்தடியால் தூசைக் கூட்டி, உடைந்த துண்டுகளை மைதானத்துப் பள்ளத்தில் போட்டு நிரப்புவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. அந்தத் தகட்டைப் பற்றி உலகம் எப்போது எதை அறிந்துகொண்டது என்ற கதை நம்மிடம் சரியாக வந்து சேரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற வகையில் அதைச் சொல்ல நினைக்கிறேன்.

அஸ்பெஸ்டஸ் என்பது நிலத்திலிருந்து தோண்டி எடுக்கும் ஒரு கனியம். தமிழில் கல்நார். பெயரே விளக்கம்: கல்தான், ஆனால் நாராகப் பிரியும். கிரேக்கச் சொல்லுக்கு ‘அணையாதது’ என்று பொருள். தீயில் எரியாத இந்தத் துணியைப் பார்த்த ஐரோப்பியர்கள், சலமந்தர் என்ற பல்லி போன்ற பிராணியின் உரோமத்தில் நெய்தது என்று நீண்ட காலம் நம்பினார்கள். 13ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த மார்க்கோ போலோ அதை மறுத்தார். அவருக்கு விளக்கம் சொன்னவர் ஸுல்பிகார் என்ற துருக்கியர். மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானுக்காக மூன்று வருடம் அந்தக் கனியத்தைத் தோண்டுவித்தவர். மலையில் வெட்டி எடுத்து, காயவைத்து, உரலில் இடித்து, கழுவி, நூலாக்கி நெய்வதாகவும், துணி அழுக்கானால் நெருப்பில் போட்டு வெண்மையாக்குவதாகவும் போலோ எழுதி வைத்தார்.

அரசர்களின் அதிசயப் பொருள் ஏழைகளின் கூரையானது 20ஆம் நூற்றாண்டில்தான். ஒஸ்ட்ரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் 1901இல் சீமெந்தையும் கல்நாரையும் தண்ணீரில் கலந்து மெல்லிய தகடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ‘எட்டர்னிட்’ என்று பெயர் வைத்தார். நித்தியம் என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். மலிவு, பாரம் குறைவு, தீப்பிடிக்காது, கறையான் அரிக்காது, துருப்பிடிக்காது. கிடுகு வேய்ந்தும், கடல் காற்றில் தகரம் உக்கியும் கஷ்டப்பட்ட நம் கரையோர ஊர்களுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த நித்தியத்துக்கு இன்னொரு பக்கம் இருந்தது. ஹாட்செக்குக்கு முன்பே, 1898இல், இங்கிலாந்தில் லூசி டீன் என்ற பெண் தொழிற்சாலைப் பரிசோதகர் கல்நார்த் தூசு ஆபத்தானது என்று அறிக்கை எழுதிவிட்டார். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அது கண்ணாடித் துகள் போலக் கூர்மையாக இருந்தது. 1924இல் ரொச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷோ என்ற தொழிலாளப் பெண் 33 வயதில் இறந்தார். கல்நாரை நூலாக்கும் ஆலையில் வேலை செய்தவர். அவரது நுரையீரலில் நார்த் துகள்கள் கிடந்ததை வைத்தியர் வில்லியம் குக் கண்டு எழுதினார். நிறுவனம் நட்டஈடு கொடுக்கவில்லை. அவருடைய கப்றுக்கு ஒரு பெயர்க்கல் கூட வைக்கப்படவில்லை.

1930இல் மெரிவெதர், பிரைஸ் என்ற இருவர் பிரித்தானிய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், பரிசோதித்த 363 தொழிலாளரில் நான்கில் ஒருவருக்கு மேல் நுரையீரல் இறுகும் நோய் இருந்தது. 1931இல் அங்கே சட்டம் வந்தது. 1960இல் தென்னாபிரிக்காவில் வாக்னரும் அவருடைய சகாக்களும் நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் வரும் அரிய புற்றுநோய் 33 பேரிடம் இருந்ததை வெளியிட்டார்கள். அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே அல்ல. சுரங்கத்துக்கு அருகில் வாழ்ந்தவர்கள். 1965இல் லண்டனில் நடந்த ஆய்வில், கல்நார்த் தொழிலாளரின் உடுப்பைக் கழுவிய வீட்டுப் பெண்களுக்கும் அதே நோய் வந்தது தெரிந்தது.

நோய் உடனே தெரிவதில்லை. தூசைச் சுவாசித்து 20, 30, 40 வருடங்கள் கழித்து வரும். கூரையைக் கழற்றியவருக்கும் வருத்தத்துக்கும் இடையில் ஒரு தலைமுறை ஓடிவிடும். யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இந்தப் பொருள் இவ்வளவு காலம் தப்பியதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

ஐஸ்லாந்து 1983இலேயே தடை செய்யத் தொடங்கியது. பிரித்தானியா 1999, அவுஸ்திரேலியா 2003 இறுதி, ஐரோப்பிய ஒன்றியம் 2005, கனடா 2018. கனடாவில் ‘அஸ்பெஸ்டஸ்’ என்றே பெயர் கொண்ட சுரங்க நகரம் 2020இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

நம் நாட்டில் நீலக் கல்நார் 1987இல் தடையானது. வெள்ளைக் கல்நார் தொடர்ந்தது. அது பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வருவது. 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024இல் முற்றாக நிறுத்துவதென அரசு தீர்மானித்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதே நாட்களில் நம் அரசு கல்நார்க் கட்டுப்பாட்டைப் பின்போட்டது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைக்கு வழி திறந்தது. ஒரு வண்டுக்கும் நம் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தகடுகள் இன்னும் பல காலம் நம்மோடு இருக்கப் போகின்றன. பயப்படத் தேவையில்லை, அறிந்து நடந்தால் போதும். தகட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் நார், மிச்சம் சீமெந்து. உடையாமல், வெடிக்காமல் இருக்கும் கூரையின் கீழ் இருப்பது பெரிய ஆபத்தல்ல. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், கூட்டும்போதும்தான் நார் காற்றில் கலக்கிறது.

• கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. கல்நார் இல்லாத தகடும் அதே தோற்றத்தில் வருகிறது. ஆய்வுகூடப் பரிசோதனை மட்டுமே உறுதி. தெரியாவிட்டால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூரை மட்டுமல்ல, சீலிங் தகடு, தடுப்புச் சுவர், பீலி, பழைய குழாய் ஆகியவற்றிலும் இருக்கலாம்.

• நல்ல நிலையில் உள்ள தகட்டைத் தொடாதீர்கள். பாசியைச் சுரண்டவோ, அழுத்தமான தண்ணீர் அடித்துக் கழுவவோ வேண்டாம்.

• கழற்றத்தான் வேண்டுமென்றால் அனுபவமுள்ளவரைக் கொண்டு செய்யுங்கள். தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும். எறியக் கூடாது. கிரைண்டர் கூடவே கூடாது. தகட்டின் மேல் நேரே கால் வைத்தால் உடைந்து விழ நேரிடும், நனைந்தால் வழுக்கும். பலகை போட்டே ஏற வேண்டும்.

• துணி மாஸ்க் போதாது. குறைந்தது பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரம் வேண்டும். வேலை உடுப்பை உதறாமல், தனியாகக் கழுவுங்கள்.

• தூசைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். நனைத்து, ஈரத் துணியால் எடுத்து, துண்டுகளோடு தடித்த பொலித்தீனில் இரண்டு முறை சுற்றிக் கட்டுங்கள். பள்ளம் நிரப்பவோ, கோழிக்கூட்டுக்கோ, வேலிக்கோ வேண்டாம். எங்கே ஒப்படைப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் முன்கூட்டியே கேளுங்கள்.

• அந்த வேலை நடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை விடவே வேண்டாம்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதில் ஓதினோம். கண்ணுக்குத் தெரியும் முள்ளை மட்டும் நினைத்து அதைப் படித்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. ரொச்டேலில் 1924இல் தெரிந்த உண்மை நம் மேசன்மாருக்கும், தும்புத்தடி பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அடுத்த விடுமுறைக்கு முன் உங்கள் அதிபரிடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும், பள்ளி நிர்வாகத்திடமும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: பழைய தகட்டை யார் கழற்றுவது, எப்படிக் கழற்றுவது, எங்கே கொண்டு போவது?

கூரை வேலை செய்யும் சகோதரர் யாரையாவது தெரிந்தால், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.