எண்ணிக்கைக் கட்டம் யாரைக் காக்கிறது? குரூப் 4 விடைத்தாள்: ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2020இல் தன் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் செய்த மாற்றங்களை முறைகேட்டுக்குப் போட்ட பூட்டு என்றே இதுவரை வாசித்திருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வையும் 2019 செப்டம்பர் 1இல் நடந்த குரூப் 4 தேர்வையும் ‘விடைத்தாள் மோசடி’ என்ற ஒரே தலைப்பில் அடைப்பதுதான் இவ்வாசிப்பின் தொடக்கம். பிழையும் அங்கேயே தொடங்குகிறது என்று கருதுகிறேன்.

தாள்மீது ஒளியைப் பாய்ச்சி, எந்த வட்டத்திலிருந்து அது குறைவாகத் திரும்புகிறது என்று அளப்பதோடு இயந்திரத்தின் வேலை முடிகிறது. கருமையாக்கியது யார், எப்போது என்பதை அது அறியாது. 1,058 இடங்களுக்கான பாலிடெக்னிக் தேர்வில் தாள்கள் அப்படியே இருந்தன. ஸ்கேன் செய்த பிறகு கணினித் தரவில்தான் மதிப்பெண்கள் ஏறின. தாளையும் தரவையும் ஒப்பிட்டதும் குட்டு வெளிப்பட்டது. 2018இல் தேர்வு ரத்தானது. குரூப் 4இலோ ஒப்பிட எதுவும் மிஞ்சவில்லை. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் சில மணி நேரத்தில் மறையும் மையால் வட்டங்களை நிரப்பினார்கள். தாள்கள் சென்னைக்கு வரும் வழியில் இடைத்தரகர்கள் சரியான விடைகளைக் குறித்தார்கள். தாளில் இருந்ததை இயந்திரம் பிசகில்லாமல் படித்தது. ஐயம் எழுந்ததே தரவரிசையின் உச்சியில் அவ்விரு மையங்களும் நெருக்கியடித்து நின்றதால்தான். 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

இனிப் புதிய தாளுக்கு வருவோம். எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. தெரியாவிட்டால் ‘விடை தெரியவில்லை’ எனும் E வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். முடிவில் A முதல் E வரை எத்தனை எத்தனை என்று எண்ணித் தனிக் கட்டங்களில் குறிக்க வேண்டும். இதற்கென 15 நிமிடம் கூடுதலாகத் தந்தார்கள். வெற்றிடம் இல்லையென்றால் பிறர் நிரப்ப இடமில்லை, நிரப்பினாலும் கூட்டல் உதைக்கும் என்பது பழைய வாசிப்பின் தர்க்கம்.

2019இன் நிகழ்வை இந்தத் தாளில் ஒருமுறை நடத்திப் பார்க்கலாம். உடந்தையான தேர்வர் எல்லா வட்டங்களையும் மறையும் மையால் நிரப்புகிறார். எண்ணிக்கைக் கட்டங்களையும் அதே பேனாவால் நிரப்புகிறார். அறைக் கண்காணிப்பாளர் கண்ணுக்குத் தாள் நிறைவாகத் தெரிகிறது, கையெழுத்திடுகிறார். இரவில் எல்லாம் மறைகிறது. விடை குறிப்பவரே எண்ணிக்கையையும் குறித்துவிடுகிறார். கூட்டல் சரியாக இருக்கும். எந்தக் குற்றத்திலிருந்து இக்கட்டம் பிறந்ததோ, அதே குற்றத்தை இது தடுத்திருக்காது. இடது பெருவிரல் ரேகை இருக்கிறதே என்பார்கள். ரேகை ஆளை உறுதிசெய்யும், மையை அல்ல.

கட்டத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக எழுதியவரின் தாளில் அவருக்குத் தெரியாமல் யாரேனும் கைவைத்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் 2019இல் அப்படிப்பட்ட குற்றச்சாட்டு எழவில்லை. ஆணையத்தின் நோக்கத்தைப் பற்றியும் நான் எதுவும் சொல்லவரவில்லை. விளைவை மட்டுமே பேசுகிறேன். காவலின் ஒரு பங்கு தேர்வர் தலையில் ஏறியிருக்கிறது. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வடசென்னையை அடுத்த வள்ளூரிலிருந்தோ பக்கத்து அத்திப்பட்டிலிருந்தோ முதன்முறையாக எழுத வரும் பிள்ளை 200 வினாக்களுக்கு விடையளித்துவிட்டு, தன் தாளுக்குத் தானே கணக்கரும் ஆக வேண்டும். எண்ணுவது சிறு வேலைதானே என்ற மறுப்பு, கடைசி மணி அடிக்கும் நேரத்தில் தேர்வறையில் உட்கார்ந்திராதவர்களுடையது.

ஓட்டை இருந்தது இரண்டே இடங்களில்: பேனாவிலும், தாள் பயணப்பட்ட வண்டியிலும். வண்டிக்குக் காவல் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பேனாவைத்தான் யாரும் பேசுவதில்லை. நீட் தேர்வில் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவைத் தேர்வறையிலேயே கொடுக்கிறார்கள். ஆணையமும் அதைச் செய்யட்டும்.