கார்புரேட்டர் வைத்தியம்: ஒரு சின்ன சரித்திரம்

ஊரில் அப்பாவோ மாமனாரோ ஓட்டிய பழைய காரை விற்க மனசில்லாமல் ஷெட்டில் மூடி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் போய், உறையை எடுத்து, புது பேட்டரி மாட்டி சாவியைத் திருப்பினால் வண்டி இருமும், கனைக்கும், அப்புறம் படுத்துவிடும். தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "கார்புரேட்டர் கோளாறு சார், அதப் பாக்குற ஆளு இப்ப இல்ல" என்று பதில் வரும்.

நாற்பது வருஷம் இந்தியாவில் எந்த ஊர் மரத்தடியிலும் கிடைத்த வைத்தியம் இது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது, இப்போது நாம் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஃப்ளிட் பம்ப் தத்துவம்

முதலில், கார்புரேட்டர் என்றால் என்ன? அந்தக் காலத்தில் கொசு மருந்து அடிக்கிற ஃப்ளிட் பம்ப் ஞாபகம் இருக்கிறதா? கைப்பிடியைத் தள்ளினால் காற்று வேகமாகப் போகும், கீழே டப்பாவில் உள்ள மருந்து மேலே ஏறிப் புகையாகத் தெறிக்கும். அதேதான் இதுவும். இன்ஜின் மூச்சிழுக்கும்போது காற்று ஒரு குறுகலான கழுத்து வழியே போகிறது. குறுகலில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். பக்கத்தில் உள்ள சின்னத் தொட்டியிலிருந்து பெட்ரோல் மெல்லிய துளை வழியாக உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கும். 1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல், ஒரு பித்தளைத் துளையின் அளவை வைத்தே சாதித்தார்கள்.

ஆரம்ப கால கார்களில் பெட்ரோல் தானாக ஆவியாகும் ஏற்பாடுதான் இருந்தது. தெளிக்கும் முறையை ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், புடாபெஸ்டில் பாங்கி, சோங்கா என்ற இரண்டு இன்ஜினீயர்களும் 1893 வாக்கில் கொண்டு வந்தார்கள். இங்கிலாந்தில் ஸ்கின்னர் என்ற செருப்பு வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் எஸ்.யூ. கார்புரேட்டரை உருவாக்கினார்கள். முதல் மாடலில் தோலால் செய்த துருத்தி இருந்தது. (குலத்தொழில் விடாது!) அந்தக் கம்பெனியை 1926-ல் கார் முதலாளி வில்லியம் மோரிஸ் வாங்கிக்கொண்டார். நம் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

மூணே மூணு கார்

அதே மோரிஸின் ஆக்ஸ்ஃபோர்டு மாடல்தான் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் அம்பாசிடராகப் பிறந்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி ஃபியட் 1100 செய்தது. அது 1970-களில் பத்மினி ஆனது (நடிகை இல்லை, சித்தூர் ராணி). சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவ்வளவுதான். லைசென்ஸ் காலத்தில் வேறு கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதுவும் சுலபத்தில் முடியாது. உதிரி பாகங்களையும் இங்கேயே செய்தாக வேண்டிய நிலை. சோலெக்ஸ் கார்புரேட்டரை மதராஸில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் என்ற கம்பெனி செய்தது. தில்லி டாக்சியோ பாட்னா கலெக்டர் வண்டியோ, மூச்சுக்குழாய் மதராஸ் சரக்காக இருக்க நல்ல வாய்ப்பு!

ஒரே மாடலை முப்பது, நாற்பது வருஷம் விற்றதை எல்லோரும் திட்டியிருக்கிறோம். நானும்தான். ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவு இருந்தது. கன்னியாகுமரியில் ஒரு பையன் கற்றுக்கொண்ட வைத்தியம் காஷ்மீர் வரை செல்லும். புத்தகம் வேண்டாம், பாஷை வேண்டாம். ஹிந்தி தெரியாத நம் ஆள் நாக்பூர் தாண்டி நின்றுபோனால்கூட, ரோட்டோர மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு "கச்ரா ஆ கயா" என்பார். குப்பை அடைத்திருக்கிறது என்று அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்பட மாட்டார்கள்.

நாடி பார்க்கும் முறை

அந்த மெக்கானிக்குகள் என்னதான் பார்த்தார்கள்? கொசுவத்தி சுற்றுவதோடு நிற்காமல் விவரமாகவே சொல்கிறேன், உங்கள் ஷெட் வண்டிக்கு உதவும்.

முதல் விதி: கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பாயின்டையும் பிளக்கையும் பார். பாதிப் பழி அநியாயமாகக் கார்புரேட்டர் மேல் விழுவதுதான் வழக்கம். பிளக்கைக் கழற்றினால் அதுவே பாதி ஜாதகம் சொல்லும். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சாம்பல் மாதிரி வெளுத்திருந்தால் காற்று அதிகம். லேசான காப்பிப் பொடி நிறம் என்றால் சரி.

வேகமாக ஓடும்போது சரியாக இருந்து, சிக்னலில் நின்றால் அணைகிறதா? ஐட்லிங் ஜெட் அடைப்பு. அல்லது கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கேஸ்கட் வழியாகக் காற்று களவாக நுழைகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறும், களவு பிடிபட்டது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு கணம் திக்கி, அப்புறம் பாய்கிறதா? சோலெக்ஸ் வகையில் ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்டரை எடுத்து, கழுத்துக்குள் பார்த்தபடி த்ராட்டிலைத் திருப்பினால் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். எஸ்.யூ. வகையில் அந்த பம்ப் கிடையாது. மேலே உள்ள குமிழ் மூடிக்குள் எண்ணெய் வற்றியிருந்தாலும் இதே திக்கல் வரும்.

வேகம் எடுக்க எடுக்க மூச்சு வாங்குகிறதா? மெயின் ஜெட் அல்லது பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு. பெட்ரோல் வழிந்து வாசம் தூக்குகிறதா? தொட்டியில் உள்ள நீடில் வால்வில் தூசி, அல்லது ஃப்ளோட் ஓட்டை. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் தளும்பும். வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

எஸ்.யூ.வுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. ஐட்லிங்கில் உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்க வேண்டும். சத்தம் கொஞ்சம் ஏறி உடனே அடங்கினால் கலவை சரி. ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் போனால் பெட்ரோல் குறைவு. ஒரு பைசா கருவி செலவில்லை.

கடைசியாக ஒரு விதி. அடைத்த ஜெட்டை ஊத வேண்டும், கம்பியால் குத்தக்கூடாது. பித்தளை மெதுவான உலோகம். துளை ஒரு மயிரிழை பெரிசானாலும் கலவை மாறிவிடும், மைலேஜ் போய்விடும். எத்தனையோ கார்புரேட்டர்கள் அரைகுறை வைத்தியரின் கம்பியால்தான் செத்தன.

இடத்துக்கு இடம் வியாதியும் மாறும். நம் ஊரில் சோக் என்பது டேஷ்போர்டில் சும்மா கிடக்கும் குமிழ். தில்லி ஜனவரிக் குளிரில் அதை இழுக்காமல் வண்டி எழாது. அதே தில்லியில் மே மாதம் குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியை பெட்ரோல் பம்ப் மேல் சுற்றி, பதினைந்து நிமிஷம் காத்திருப்பதுதான் மருந்து.

கோர்ட் வந்த கதை

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதிலும் கார்புரேட்டர்தான், ஆனால் ஜப்பானிய மிக்குனி. அதை இங்கே செய்யக் கார்புரேட்டர்ஸ் லிமிடெடும் மிக்குனியும் சேர்ந்து யூகால் கம்பெனியைத் தொடங்கின. நம் மறைமலைநகரில்தான் தொழிற்சாலை. கார் குர்கானில், கார்புரேட்டர் செங்கல்பட்டுப் பக்கம்.

1990-களில் தில்லிக் காற்று எப்படி இருந்தது என்று அப்போது அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் துடைத்தால் கைக்குட்டை கறுக்கும். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புது கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஈயமில்லா பெட்ரோலும் வந்தன. 1999 ஏப்ரல் 29 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட், தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் தனியார் கார்கள் அந்த ஜூன் 1 முதல் யூரோ-1, 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ-2 தரத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அங்கேதான் கார்புரேட்டருக்கு மணி அடித்தது. கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, காற்று-பெட்ரோல் விகிதம் அந்த 14.7-ஐ விட்டு நகரவே கூடாது. ஒரு பித்தளைத் துளையால் வெயில், குளிர், ஏற்றம், இறக்கம் எல்லாவற்றிலும் அந்தத் துல்லியத்தைப் பிடிக்க முடியாது. சைலன்சர் பக்கம் சென்சார் வைத்து நொடிக்குப் பலமுறை அளவைத் திருத்தும் இன்ஜெக்‌ஷனால் முடியும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் வந்த சான்ட்ரோவில் அது முதலிலிருந்தே இருந்தது. மாருதி 800-க்கும் 2000 வாக்கில் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபோது பெரும்பாலான பைக், ஸ்கூட்டரிலிருந்தும் கார்புரேட்டர் விடைபெற்றது. அம்பாசிடர் 2014-ல் நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ரோட்டை விட்டு இறங்கியது.

நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு அந்தத் தீர்ப்பு தேவைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு, படிக்காத லட்சக்கணக்கான கைகளில் இருந்த ஒரு படிப்பும் சத்தமில்லாமல் கரைந்தது. மெக்கானிக் இப்போது கம்ப்யூட்டரைச் செருகி எண்ணைப் படிக்கிறார், பாகத்தை மாற்றுகிறார். காது தேவைப்படவில்லை. 50 வருஷம் தாண்டிய கார்களுக்கு விண்டேஜ் பதிவு தர 2021-ல் விதி வந்தது. வண்டிக்குப் பாதுகாப்பு வந்தது, அதன் வைத்தியருக்கு வரவில்லை.

இப்போதைய வியாதி

அந்தப் படிப்பு இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. காரணம் எத்தனால். 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதமாக ஆரம்பித்த கலப்பு, 2022-ல் 10 ஆனது, 2025-ல் 20 ஆகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் 14.7 என்ற கணக்கு 13.5 பக்கம் இறங்குகிறது. புது கார் தானே திருத்திக்கொள்ளும். உங்கள் அப்பாவின் பத்மினியில் உள்ள துளைக்கு அது தெரியாது. பெட்ரோல் குறைந்து, இன்ஜின் சூடாகி, திக்கும். ஜெட்டை ஒரு படி பெரிசாக மாற்ற வேண்டும், எஸ்.யூ. என்றால் அடியில் உள்ள நட்டைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் கார்க் கேஸ்கட்டையும் ஊற வைக்கும், ஈரத்தை இழுத்து உள்ளே துருவேற்றும்.

அதனால் அடுத்த லீவு முடிந்து கிளம்பும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் தொட்டி காய்ந்துவிடும், பிசின் கட்டாது. குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். முக்கியமாக, உங்கள் ஊரில் அறுபது, எழுபது வயதில் ஒரு பழைய மெக்கானிக் இருப்பார். அண்ணே, ஐயா என்று கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் வேலை செய்வதை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஏன் இந்த ஜெட், ஏன் இத்தனை திருப்பு என்று கேளுங்கள். நிச்சயம் சொல்வார். அவரிடம் யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும்.

டிஸ்கி: பெட்ரோல் விஷயம். பீடி, சிகரெட், பூஜை விளக்கு எல்லாம் தூரத்தில் இருக்கட்டும். :-) உங்கள் ஊர் வைத்தியர்களின் கைமருந்து ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள், சேர்த்து வைப்போம்.