கள்ளப் பணத்தின் கதை – 21: சாவி யார் கையில்?

2023 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிவதற்குள் திருவண்ணாமலை மாவட்டத்தில் 4 ஏ.டி.எம். எந்திரங்களின் கதை முடிந்திருந்தது. திருவண்ணாமலை நகரில் இரண்டு, போளூரில் ஒன்று, கலசபாக்கத்தில் ஒன்று. கேஸ் கட்டரால் எந்திரத்தை அறுத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு, கேமராவையும் கருக்கிவிட்டுப் போயிருந்தார்கள். போனது 72 லட்சத்து 79 ஆயிரம் ரூபாய். தனிப்படை ஹரியானா வரை போய் முதலில் 2 பேரைப் பிடித்து வந்தது. அவர்களிடம் கிடைத்தது 3 லட்சம்.

குறைவுதான். ஆனாலும் அந்த 3 லட்சத்தை என்ன செய்வது என்பதில் எந்தப் போலீஸ்காரருக்கும் குழப்பம் வராது. மகஜர் எழுதுவார்கள். நம் ஊர் வழக்கப்படி கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். கட்டு கட்டாக எண்ணி, துணியில் கட்டி, அரக்கு வைத்து, கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டால் ஸ்டேஷனின் பொறுப்பு தீர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடந்துவரும் முறை. திருட்டு நகை, கள்ளச் சாராயம், செம்மரக் கட்டை எல்லாவற்றுக்கும் இதேதான்.

அரக்கு வைக்க முடியாத பணம் வந்தபோது இந்த முறைக்கு என்ன ஆனது என்பதுதான் இந்த வாரக் கதை.

சென்ற வாரம், 1990களின் நிதி நிறுவனச் சரிவுகளையும், அவற்றின் பேரில் 1997இல் நம் மாநிலம் கொண்டுவந்த முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்தோம். சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, இதே மாவட்டத்தின் ஆரணியிலும் செய்யாறிலும் ஆருத்ரா கோல்டு கிளை திறந்தது. மாதத்துக்கு 30 சதவீதம் வரை தருவதாகச் சொன்னார்கள். 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனைக்கு வந்தது. பிற்பாடு வெளிவந்த கணக்கு: சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய். அங்கேயும் முடக்குவதற்கு வங்கிக் கணக்கும் மனையும் கட்டடமும் இருந்தன. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனால் நிலம் நகராது.

பிட்காயின் நகரும். உண்மையில் பிட்காயின் என்று தனியே ஒரு பொருளே கிடையாது. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒரே பேரேடு ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத்தான் ரகசியச் சாவி வேண்டும். அந்தச் சாவியை மீட்டெடுக்க 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் போதும். துண்டுத் தாளில் எழுதி அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கலாம், மனப்பாடமும் செய்திருக்கலாம். போலீஸ் வந்து லேப்டாப்பைத் தூக்கிப்போய் மகஜர் எழுதினால் பறிமுதல் ஆனது லேப்டாப் மட்டும்தான். சொற்களின் நகல் வைத்திருக்கும் மச்சான் துபாயில் உட்கார்ந்தபடி, மகஜரில் மை காய்வதற்குள் பணத்தை வேறு முகவரிக்குத் தள்ளிவிடுவான்.

ஆகவே, கைப்பற்றும் அதிகாரி அங்கேயே, அப்போதே, அரசின் பெயரில் ஒரு முகவரியைத் திறந்து பணத்தை அதற்கு மாற்றியாக வேண்டும். மாற்றினால் புதிதாக ஒரு சாவி வரும். அதை யார் வைத்திருப்பது? கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், பிட்காயின் போன்ற கிரிப்டோ பணத்தின் பறிமுதல் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது. கேள்வி சின்னதுதான், அதில் தடுக்கி விழுந்தவர்கள் பெரியவர்கள்.

முதலில் விழுந்தது அமெரிக்கா. 2013 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ நூலகம் ஒன்றில் உட்கார்ந்திருந்த ராஸ் உல்பிரிக்ட்டை எஃப்.பி.ஐ. பிடித்தது. போதைப்பொருள் விற்ற ‘சில்க் ரோடு’ என்னும் இணையச் சந்தையை நடத்தியவர் அவர். லேப்டாப்பை மூடிவிட்டால் எல்லாம் போச்சு என்று அதிகாரிகளுக்குத் தெரியும். அதனால் ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் அவர் முதுகுக்குப் பின்னால் காதலர் சண்டை போடுவதுபோல நடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த கணத்தில், திறந்தபடியே லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குள் இருந்தது சுமார் 1,44,000 பிட்காயின்.

இவ்வளவு சாமர்த்தியமாகப் பிடித்த அதே வழக்கில், விசாரணைக்குப் போன இரண்டு அதிகாரிகளே பிட்காயின் திருடி மாட்டினார்கள். ஒருவர் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு, இன்னொருவர் சீக்ரெட் சர்வீஸைச் சேர்ந்த ஷான் பிரிட்ஜஸ். 2015இல் இருவருக்கும் சிறை. பிரிட்ஜஸ் அதோடு நிற்கவில்லை. அரசு பறிமுதல் செய்து வைத்திருந்த இன்னொரு முகவரியின் சாவியும் அவரிடம் இருந்தது. ஆள் குற்றவாளி என்று தெரிந்த பிறகும் அந்தப் பணத்தை வேறு சாவிக்கு யாரும் மாற்றவில்லை. அவர் சுமார் 1,600 பிட்காயினை நகர்த்திக்கொண்டார். அதற்காக 2017இல் மேலும் 2 ஆண்டு தண்டனை விழுந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். மாதம் 10 சதவீதம் பிட்காயினாகவே தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ‘கெயின்பிட்காயின்’ மோசடியில் 2018இல் புனே போலீஸ் வழக்குப் போட்டது. போலீஸுக்கு இந்த விவகாரம் புரியவில்லை. உதவிக்கு வெளியிலிருந்து இரண்டு பேரை அழைத்தார்கள். ஒருவர் சைபர் நிபுணர், இன்னொருவர் பதவியை விட்டு விலகிய ஐ.பி.எஸ். அதிகாரி. 2022 மார்ச்சில் அந்த இருவரையுமே புனே போலீஸ் கைது செய்தது. குற்றவாளிகளின் முகவரியில் இருந்த பிட்காயினில் ஒரு பகுதியைத் தங்கள் பக்கம் மாற்றிக்கொண்டு, இருப்பைக் குறைத்துத் திருத்திய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் போலீஸிடம் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஸ்கிரீன்ஷாட்டை யாரும் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பேரேடு ஊருக்கே திறந்து கிடப்பது!

பெங்களூரில் நடந்தது வேறு மாதிரியான கூத்து. 2020 நவம்பரில் ஸ்ரீகி என்ற இளம் ஹேக்கர் சிக்கினார். 2021 ஜனவரியில், அவரிடமிருந்து 9 கோடி ரூபாய் மதிப்புள்ள 31 பிட்காயினைக் கைப்பற்றியதாகக் குற்றப்பிரிவு அறிவித்தது. பத்திரிகையில் படமும் செய்தியும் வந்தன. பிறகு திறந்து பார்த்தால் 186 பிட்காயின் காட்டியது! ஆராய்ந்ததில், அவர் தன்னுடையது என்று காட்டியது ஏதோ ஒரு கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனத்தின் பொது முகவரி. போலீஸ் முகவரிக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று தெரிந்தது. பிறகு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தார்கள். 2024 ஜனவரியில் அந்தக் குழு கைது செய்தவர்களில் அன்று விசாரணையில் இருந்த இன்ஸ்பெக்டர் ஒருவரும் உண்டு.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் கதை குஜராத்தில் இருக்கிறது. சூரத்தைச் சேர்ந்த சதீஷ் கும்பானி 2016இல் தொடங்கிய ‘பிட்கனெக்ட்’, உலகம் முழுக்க ஆட்களைச் சேர்த்து, 2018 ஜனவரியில் கவிழ்ந்தது. மோசடித் தொகை 240 கோடி டாலர் என்று அமெரிக்க நீதித்துறை சொல்கிறது. பணத்தை இழந்தவர்களில் சூரத் கட்டட முதலாளி ஒருவரும் இருந்தார். அவர் போலீஸுக்குப் போகவில்லை. அமலாக்கத் துறை சொல்வதன்படி, கும்பானியின் கூட்டாளிகள் இருவரைக் கடத்தி, 2,091 பிட்காயினும் 11,000 லைட்காயினும் பதினாலரைக் கோடி ரொக்கமும் பிடுங்கினார். போட்டதைப்போலப் பல மடங்கு.

இந்தச் சேதி அம்ரேலி மாவட்டப் போலீஸ் காதுக்கு எட்டியது. எட்டியதும் என்ன செய்திருக்க வேண்டும்? வழக்குப் பதிய வேண்டும். அவர்களோ அந்த முதலாளியைக் காந்திநகர் அருகே மறித்து, ஒரு பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். கேட்டது 200 பிட்காயின். அது நடந்தது 2018 பிப்ரவரியில். 2025 ஆகஸ்டில் ஆமதாபாத் சிறப்பு நீதிமன்றம் 14 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அன்றைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், இன்ஸ்பெக்டர், போலீஸார், முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் என்று நீண்டது பட்டியல். பிடுங்கியவனிடம் பிடுங்கப் போன போலீஸ் என்று நாட்டுப்புறக் கதையில் வந்தால் நாம் சிரித்துவிட்டுப் போவோம். இங்கே ஒரு மாவட்டக் காவல் நிர்வாகத்தின் உச்சி வரை சிறைக்குப் போனது.

அதே பிட்கனெக்ட் வழக்கில்தான் 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை 1,646 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோவைக் கைப்பற்றியது. எந்தெந்த முகவரியிலிருந்து எங்கெங்கே போனது என்று பேரேட்டில் பின்தொடர்ந்து, சாவிகளை வைத்திருந்த மின்னணுக் கருவிகளின் இடத்தைத் தேடிப் பிடித்து, துறையின் சொந்த முகவரிக்கு மாற்றினார்கள். ஏழு ஆண்டுகளில் யாரோ பாடம் படித்திருக்கிறார்கள்.

படிக்க உதவிய வழக்கு என்று கொல்கத்தாவின் ‘இ-நக்கெட்ஸ்’ விவகாரத்தைச் சொல்வேன். கைப்பேசி விளையாட்டுச் செயலியில் பணம் கட்டவைத்து ஏமாற்றியவர்கள். 2022 செப்டம்பரில் கார்டன் ரீச் பகுதி வீடு ஒன்றில் கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் பொட்டலங்களாக 17 கோடிக்கும் மேல் ரொக்கம். வங்கி ஊழியர்களும் எந்திரங்களும் வந்து எண்ணி முடிக்கப் பொழுது போனது. தொலைக்காட்சிகள் அதையே காட்டின. சில நாள் கழித்து, அதே கும்பலின் 77 பிட்காயின் ‘பைனான்ஸ்’ பரிவர்த்தனை நிறுவனத்தில் முடக்கப்பட்டது, மதிப்பு 12 கோடியே 83 லட்சம். அதற்குக் கேமராவும் இல்லை, கூட்டமும் இல்லை. முடக்கியதோடு விடாமல், பைனான்ஸ், ஜெப்பே, வசீர்எக்ஸ் ஆகிய மூன்றிலும் இருந்த 70 கணக்குகளின் 90 கோடி ரூபாயை 2024இல் அமலாக்கத் துறை தன் முகவரிக்கே மாற்றிக்கொண்டது. நிறுவனத்தில் வைத்திருந்தால் இப்படி ஒரு கடிதத்தில் வேலை முடியும். சொந்தச் சாவியில் வைத்திருப்பவனிடம் முடியாது. 2023 மார்ச் 7 முதல் இத்தகைய நிறுவனங்களும் பண மோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வாடிக்கையாளர் விவரத்தை வங்கிகளைப் போலவே வைத்திருக்க வேண்டும், சந்தேகப் பரிமாற்றத்தைத் தெரிவிக்கவும் வேண்டும்.

ஆனால் பணம் அங்கே போய்ச் சேரும் வழி நம் தெருவிலிருந்துதான் தொடங்குகிறது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்து அழும் ஒருவரின் சேமிப்பு முதலில் நுழைவது, கமிஷனுக்கு ஆசைப்பட்ட யாரோ ஒரு பையன் வாடகைக்குக் கொடுத்த வங்கிக் கணக்கில். அங்கிருந்து நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து, டாலர் மதிப்பில் நிற்கும் கிரிப்டோவாக மாறி, கடல் தாண்டிவிடும். தமிழகச் சைபர் குற்றப்பிரிவு ‘திரைநீக்கு’ என்று பெயர் வைத்து, 2024 டிசம்பரில் 76 பேரையும் 2025 ஜூனில் 136 பேரையும் கைது செய்தது. கைதாவது பெரும்பாலும் பாதையின் முதல் படியில் நிற்பவர்கள்தான்.

சாவிக்கு வருகிறேன். அண்ணாமலையார் கோயிலில் பௌர்ணமி கிரிவலம் முடிந்த பிறகு உண்டியல் திறந்து எண்ணுவார்கள். உண்டியலுக்குப் பூட்டு இரண்டு; சாவிகள் இருப்பதோ வேறு வேறு ஆட்களின் கையில். ஒருவர் மட்டும் வந்தால் திறக்காது. கிரிப்டோவிலும் இதே ஏற்பாடு உண்டு: மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தால்தான் பணம் நகரும் என்று முகவரியை அமைக்க முடியும். புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, பிட்காயினின் ஆரம்ப ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. புனேயிலும் பெங்களூரிலும் அதைச் செய்யத் தோன்றவில்லை. நிபுணர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டார்கள். என்னைக் கேட்டால் தொழில்நுட்ப அறியாமை இதில் பாதிதான். மீதிப் பாதி, மகஜரில் இருந்த பழைய ஒழுங்கை மறந்தது. அரக்கு வைக்கும்போது இரண்டு சாட்சி கேட்ட அதே காவல்துறை, கோடிகளை மாற்றும்போது ஒரே ஒரு ஆளின் திரையை நம்பியது.

பணம் பத்திரமாக வந்துவிட்டாலும் வேறொரு வில்லங்கம் காத்திருக்கிறது: விலை. ஜெர்மனியின் சாக்சனி மாநிலம், திருட்டுப் பட இணையதள வழக்கில் 2024 ஜனவரியில் சுமார் 50,000 பிட்காயின் பெற்றது. மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சி ஜூன், ஜூலையில் விற்றுத் தீர்த்தது. கிடைத்தது 264 கோடி யூரோ. அந்த டிசம்பரில் ஒரு பிட்காயின் லட்சம் டாலரைத் தாண்டியது. லண்டன் போலீஸ் கைப்பற்றிய 61,000 பிட்காயின் இன்னும் விற்கப்படவில்லை. சீனாவில் 1,28,000 பேரை ஏமாற்றிய ஷிமின் சியானின் பணம் அது. 2025 நவம்பரில் அவருக்கு 11 ஆண்டு 8 மாதச் சிறை. இழந்தவர்களுக்கு அவர்கள் கட்டிய தொகையா, இன்றைய மதிப்பா என்று அங்கே வழக்கு நடக்கிறது.

அந்தக் கேள்வி நம் பக்கமும் வரும். கிரிப்டோ சொத்துதான், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கத் தக்க சொத்து என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்துவிட்டார். வசீர்எக்ஸில் சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு நாணயம் வாங்கி, 2024 ஜூலை ஹேக்கிங்குக்குப் பிறகு கணக்கு முடங்கிப்போன ஒருவர் தொடுத்த வழக்கு அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவோ, குற்றத்தால் வந்த சொத்தை நீதிமன்ற உத்தரவின் பேரில் மாவட்ட ஆட்சியர் 60 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நாளை ஆரணியிலோ போளூரிலோ ஒரு கிரிப்டோ வழக்கு முடிந்தால், வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவோடு நிற்கும் கூட்டத்தில் அந்த முதலீட்டாளர்களும் இருப்பார்கள். எந்தத் தேதியின் விலையில் பிரிப்பது என்று அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை.

(அடுத்த வாரம்: துபாய் வழியாக வந்த தங்கம்)