இருட்டடிப்புக் காலத்துச் சாலைகள்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் களத்தில் மாண்டோரை எண்ணுகின்றனர். குண்டுவீச்சில் மாண்டோரையும் எண்ணுகின்றனர். போரின் பொருட்டு விளக்கணைத்த சாலைகளில் மாண்டோர் அக்கணக்கில் இடம்பெறுவது அரிது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டனின் இரவுச் சாலைகள் நாம் நின்று நோக்கத்தக்கவை.

1939 செப்டம்பர் 1 அன்று, போர் அறிவிப்புக்கு இரு நாள் முன்னரே, அங்கே இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. செய்தியை மறைப்பதைச் சுட்ட நாம் இன்று உருவகமாக வழங்கும் அச்சொல் அன்று நேர்ப்பொருளிலேயே நிகழ்ந்தது. தெருவிளக்குகள் அணைந்தன. சாளரங்களைக் கருந்திரைகள் மூடின. வாகனங்களின் முகப்பு விளக்குகளும் மெல்லிய கீற்றொளி மட்டுமே கசியும்படி மறைக்கப்பட்டன. பகைவரின் விமானிக்கு நகரம் புலப்படலாகாது என்பது நோக்கம். ஆயின் ஓட்டுநருக்கும் சாலை புலப்படாது போயிற்று.

விளைவு உடனே தெரிந்தது. அம்மாதச் சாலைச் சாவுகள் முந்தைய ஆண்டின் செப்டம்பரைவிட ஏறத்தாழ இருமடங்காயின. 1939 முடியும்வரை பிரிட்டன் மண்ணில் குடிமக்களுள் ஒருவர்கூட வான்குண்டுக்குப் பலியாகவில்லை என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். பகைவரின் வான்படை ஒருமுறைகூடப் பறக்காமலேயே மாதந்தோறும் அறுநூறு பேரைக் கொன்றுவிடுகிறது என்னும் பொருள்பட, வில்பிரெட் டிராட்டர் என்னும் அறுவை மருத்துவர் அவ்வாண்டிலேயே எழுதினார். 1938இல் 6,648ஆக இருந்த சாலைச் சாவுகள் 1941இல் 9,169ஆக உயர்ந்தன. பெட்ரோல் பங்கீட்டால் வாகனங்கள் குறைந்திருந்த ஆண்டு அது. எனினும் பிரிட்டனின் சாலை வரலாற்றில் இன்றுவரை அதுவே உச்சம்.

மாண்டோருள் பெரும்பாலோர் நடந்து சென்றவர்கள். காரணம் எளிது. தொலைவில் வரும் வாகனத்தின் கீற்றொளியை நடப்பவர் காண்கிறார். கண்டதனாலேயே தம்மையும் ஓட்டுநர் கண்டுவிட்டார் என நம்புகிறார். தாம் காண்பதும் தாம் காணப்படுவதும் ஒன்றே என்னும் இம்மயக்கம் இன்றும் நம் சாலைகளில் உயிர் குடித்துக்கொண்டிருக்கிறது.

அரசு மெல்லக் கற்றுக்கொண்டது. நடைபாதை விளிம்புகளிலும் மரங்களிலும் வெள்ளை பூசப்பட்டது. நடப்போர் வெண்ணிற ஆடை அணியுமாறும் கையில் வெள்ளைத் துணி ஏந்துமாறும் வேண்டப்பட்டனர். 1940 பிப்ரவரியில், குடியிருப்புப் பகுதிகளில் இருட்டடிப்பு நேரத்திற்கான உச்ச வேகம் மணிக்கு 20 மைலாகக் குறைக்கப்பட்டது. மாலை வெளிச்சம் நீளும்பொருட்டுக் கடிகாரங்களும் முன்தள்ளி வைக்கப்பட்டன.

இவ்விருளில்தான் ஓர் எளிய கருவி தன் மதிப்பைக் காட்டியது. ஹாலிபாக்ஸ் நகரைச் சேர்ந்த பெர்சி ஷா சாலைப் பணி ஒப்பந்தக்காரர். பனிமூட்ட இரவொன்றில் பூனையின் கண்கள் விளக்கொளியில் மின்னக் கண்டதே அவருக்குத் தூண்டுதல் என்பது பரவலாக வழங்கும் கதை. 1934இல் காப்புரிமை பெற்று, மறு ஆண்டே நிறுவனமும் தொடங்கினார். வார்ப்பிரும்புக் கூட்டினுள் ரப்பர் மெத்தை, அதில் பதித்த கண்ணாடி மணிகள்: அவ்வளவே கருவி. படும் ஒளியை மணிகள் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். சக்கரம் ஏறினால் ரப்பர் அமுங்கி, இமைபோல் மணிகளைத் துடைக்கும்; அடியில் தேங்கும் மழைநீர் அதற்கு உதவும். மழை கெடுத்த சாலையில் மழையையே துணைகொண்ட நுட்பம் அது. தனக்கென ஒளி இல்லாத இக்கருவி, வானிலிருந்து நோக்குவோர்க்குத் தன்னைக் காட்டாது; மங்கிய கீற்றொளியோடு வரும் ஓட்டுநர்க்கு மட்டும் வழி காட்டும். போருக்குப் பின் நாடெங்கும் அது பதிக்கப்பட்டது.

ஆயினும் கருவி வழியைக் காட்டுமேயன்றி, வேகத்தைக் குறைக்காது. பிரிட்டனின் சாலை விதிநூல் தரும் கணக்குப்படி, 30 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும். 60 மைல் வேகத்தில் 73 மீட்டர். வேகம் இருமடங்கானால் தொலைவு மும்மடங்கைக் கடக்கிறது. ஈரச் சாலையில் இன்னும் கூடும். விளக்கொளி எட்டும் தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவுக்குரிய வேகம். ஒன்பதாயிரம் பேர் மாண்ட அவ்வாண்டின் இருளில் இவ்விதியை மீறுவது மிக எளிதாயிருந்தது. ஒளி வெள்ளத்தில் விரையும் நமக்கோ, மீறுகிறோம் என்பதே தெரிவதில்லை.